படகில் ஏறாத தகப்பன்

குணேஸ்வரி எழுதிய மனிதர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. எல்லாரும் செத்தவர்கள், அதனால் எல்லாரும் நல்லவர்கள். துறைமுகத்துக்குப் போகிற வீதியில் இருக்கும் முனாசின் அச்சகத்தில் பதினாறு வருடமாக அவளுக்கு இதுதான் வேலை: கல்வெட்டு எழுதுவது. ஆள் செத்து முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாடு போட்டு, போகும்போது கையில் கொடுத்துவிடுகிற சின்னப் புத்தகம் அது. அட்டையில் படம், உள்ளே தேவாரம், வம்சாவழி, வாழ்க்கை வரலாறு. அதற்குப் பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், சகோதரர் புலம்பல் என்று முறைவைத்து அழுகை. பெயருக்கு உரியவர்கள் ஒருவரும் அதை எழுதுவதில்லை. அத்தனை பேருக்குமாகச் சேர்த்து குணேஸ்வரிதான் அழுவாள், கோப்பையில் பிளேன்ரீ ஆறுவதற்குள்.

குடித்தே ஈரலைக் கரைத்தவர் அவள் கையில் 'நண்பர்களிடத்து நீங்காத அன்பு பூண்டவர்' ஆவார். மனைவியைப் போட்டு அடித்தவர் 'கண்டிப்பும் கனிவும் ஒருங்கே அமையப் பெற்றவர்'. பக்கத்து வீட்டுக்காரரோடு ஒரு வேலிக்காக முப்பது வருடம் வழக்காடியவர் 'நீதிக்காகக் குரல் கொடுத்தவர்'. இதையெல்லாம் எழுதும்போது அவளுக்குச் சிரிப்பு வந்த காலமும் உண்டு. இப்போது வருவதில்லை.

ஆனால் ஒன்றை அவள் நன்றாகக் கற்றுக்கொண்டாள். செத்தவர் எப்படிப்பட்டவர் என்பது செத்தவர் கையில் இல்லை; முனாசின் மேசைக்கு முன்னால் இருக்கிற பிளாஸ்டிக் கதிரையில் யார் வந்து உட்காருகிறார் என்பதில் இருக்கிறது. ஒருமுறை ஒரே கிழவியைப் பற்றி முதல்நாள் மருமகள் வந்து சொன்னாள், மறுநாள் மகள் வந்து சொன்னாள். இரண்டையும் கேட்டால் அந்த வீட்டில் இரண்டு கிழவிகள் செத்திருக்க வேண்டும். அச்சடிக்கக் கொடுத்தது மகள். ஆகவே மகளின் அம்மாதான் புத்தகத்துக்குள் போனாள். மருமகளின் மாமி எங்கே போனாளோ, யாருக்குத் தெரியும்!

அந்தப் புதன்கிழமை காலை அதே கதிரையில் குணரத்தினம் வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, ஒரு கல்வெட்டு. அவசரமாம், எட்டு நாள்தான் இருக்கு" என்று முனாஸ் உள்ளே பார்த்துக் கூப்பிட்டான். குணேஸ்வரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே மறைப்புத் தட்டிக்கு வெளியே வந்தாள். வந்தவள் அப்படியே நின்றாள். அவரும் பாதி எழுந்து, எழுவதா இருப்பதா என்று தெரியாமல் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் சசிகரனின் தமையன். சசிகரன் இருபத்தொரு வருடத்துக்கு முன்னர் அவளை விட்டுவிட்டுப் போன புருசன். போன மாதம் நிலாவெளியில், வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு போக வள்ளத்தைத் தள்ளும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவன் எழும்பவே இல்லை.

"நீரோ இஞ்ச எழுதுறது?" என்றார் குணரத்தினம்.

"ஓம். நான்தான்."

அவர் முனாசின் பக்கம் திரும்பினார். "தம்பி, வேற ஆள் ஒருத்தரும் இல்லையோ?"

முனாசுக்குக் கதை தெரியும். கிண்ணியாக்காரனுக்கு இந்த டவுனில் தெரியாத கதை இல்லை. "வேற இடத்தில குடுத்தீங்க எண்டால் நாப்பத்தஞ்சாம் நாள்தான் கையில கிடைக்கும், ஐயா" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, ஏலாட்டி விடுங்க. நான் பழைய ஒண்டை எடுத்துப் பேரை மாத்தி அடிச்சுக் குடுக்கிறன்" என்றான்.

"நான் செய்யிறன்" என்றாள் குணேஸ்வரி. "இருங்கோ." ஒரு காலத்தில் அத்தான் என்று வாய் நிறையக் கூப்பிட்டவரை இன்று எந்த முறையும் சொல்லாமல் இருத்தினாள்.

அவர் பைக்குள்ளிருந்து கொப்பித் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். தாய் பெயர், தகப்பன் பெயர், சகோதரர் பெயர்கள். அன்பு மனைவி: நிரோஜினி. பாசமிகு மகன்: கஜீபன். அவ்வளவுதான்.

"ஒரு பேர் குறையுது" என்றாள் அவள்.

குணரத்தினம் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தார்.

அந்தப் பெயருக்காகத்தான் அவள் 'நான் செய்யிறன்' என்றது. இல்லாவிட்டால் எந்த விசரி தன்னை நடுத்தெருவில் விட்டவனுக்கு வரலாறு எழுதுவாள்? பெயருக்கு உரியவள் மகள் கீர்த்தனி. வயது இருபத்துமூன்று. நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வரவேற்பில் நிற்கிறாள். லிங்கநகரில் இருந்துகொண்டு, டவுனுக்குள் எத்தனையோ வேலை இருக்க, ஏன் அவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போகிறாள் என்று தாய்க்குத் தெரியும். போகிற வழியில் இடப்பக்கம் நீலக் கேற் போட்ட வீடு ஒன்று இருக்கிறது. கீர்த்தனி எப்போதும் இடப்பக்கத்து யன்னல்தான். ஒருநாள் சசிகரன் அதே பஸ்சில் ஏறி, "தங்கச்சி, பையைக் கொஞ்சம் எடுக்கிறீரோ?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தானாம். பெற்ற பிள்ளையைத் தங்கச்சி என்றிருக்கிறான். அதை வந்து சொன்னபோது அவள் அழவில்லை. "அவற்ற குரல் நல்லா இருக்கு அம்மா" என்று மட்டும் சொன்னாள்.

அவன் செத்த அன்று பஸ் நிலையத்துச் சுவரில் மரண அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். கீர்த்தனி ஓடிப்போய்ப் பார்த்தாள். அதற்கு முன்னரே டவுனுக்குள் திரிகிற கோட்டைப் பக்கத்து மான்கள் வந்து, பசை காய முதல் தாளின் கீழ்ப்பக்கத்தைத் தின்றுவிட்டிருந்தன. தின்ற பகுதியில் தன் பெயர் இருந்திருக்கும் என்று அந்தப் பிள்ளை நம்பியது. முழுத்தாள் ஒன்றைத் தேடிச் சந்தைச் சுவர் வரைக்கும் நடந்தது. முழுத்தாளிலும் இல்லை.

செத்தவீட்டுக்கும் தனியாகத்தான் போனாள். பெண்கள் வாய்க்கரிசி போடும்போது யாரோ நீட்டிய தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்தாள். முன்னால் நின்றவர்கள் விலகவில்லை. இது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. மூடிய கையோடு பஸ் ஏறி லிங்கநகர் வந்து சேர்ந்தாள். குணேஸ்வரிதான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். அரிசி வியர்வையில் ஊறி உள்ளங்கையில் ஒட்டிக் கிடந்தது.

அன்று கீர்த்தனி ஒன்றே ஒன்று கேட்டாள். "கல்வெட்டிலயாவது என்ட பேர் வருமோ அம்மா?" அதற்குப் பிறகு மூன்று கிழமையாகத் தாயோடு சரியாகக் கதைக்கவில்லை.

"பிள்ளையின்ட பேரைப் போடவேணும்" என்றாள் குணேஸ்வரி இப்போது.

"பிள்ளையின்ட பேரைப் போட்டால் உம்மட பேரையும் போடவேணும்" என்றார் குணரத்தினம். "பிறகு ஊர் ஆயிரம் கதைக்கும். செத்தவன் நிம்மதியாப் போகட்டும், விடும்."

"செத்தவருக்கு நிம்மதி. இருக்கிறவளுக்கு?"

அவர் கைபேசியை எடுத்து நிரோஜினியை அழைத்தார். முப்பத்தொன்று முடியும்வரை நிரோஜினி வாசல் தாண்டக்கூடாது. அதனால் வீட்டிலிருந்தபடியே கேட்டாள். சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தார். அந்தக் குரலை குணேஸ்வரி முன்னே பின்னே கேட்டதில்லை. எத்தனை வருடம் அந்தப் பெண்ணை மனதுக்குள் வைத்துத் திட்டியிருக்கிறாள்! திட்டிய ஆள் இப்படிக் கீச்சுக் குரலில், தடிமன் பிடித்த பிள்ளை மாதிரிக் கதைப்பாள் என்று அவள் நினைக்கவே இல்லை.

"அக்கா" என்றது குரல். "அந்தப் பிள்ளையின்ட பேரைப் போடுங்கோ. எனக்கு ஒண்டுமில்லை. ஆனா எனக்கு ரெண்டாம் தாரம் எண்டு எழுதவேண்டாம். என்ட மகனுக்கு நாளைக்குப் பள்ளிக்கூடத்தில முகம் குடுக்கவேணும்."

"சரி."

"அவர் ஒருத்தரையும் விட்டுப்போட்டு வந்தவர் எண்டும் வரக்கூடாது."

"சரி."

"அப்ப உங்கட பேர்..."

"என்ட பேர் வேண்டாம்" என்றாள் குணேஸ்வரி.

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. குணரத்தினம் மட்டும் விடுவதாக இல்லை. "பேரை மட்டும் சும்மா போட்டால் சனம் கேக்கும், இது ஆர் எங்கயிருந்து முளைச்சது எண்டு. அவன் இந்தப் பிள்ளையில உயிரை வச்சிருந்தவன் எண்டு தெரியவேணும். ஒரு சம்பவம் எழுதும். வாசிக்கிறவைக்குக் கண்ணீர் வரவேணும். உமக்குத்தான் தெரியுமே."

"என்ன சம்பவம்?"

"எனக்கென்ன தெரியும்? நீர்தானே கூட இருந்தனீர்."

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். முனாஸ் பிளேன்ரீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு மெசின் பக்கம் போனான்.

குணேஸ்வரி கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாள். பிறப்பு, கல்வி, தொழில் எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தது. 'கடலைத் தன் இரண்டாவது தாயாக நேசித்தவர்' என்று போட்டாள்; வள்ளக்காரர் எல்லாருக்கும் அவள் போடுகிற வரிதான். மனைவி புலம்பலையும் எழுதினாள். 'என்னைத் தனியே தவிக்கவிட்டு எங்கு சென்றீர்' என்று அவள் விரல் தட்டியது. இந்தக் கேள்வியைக் கேட்க இந்த உலகத்தில் உரிமை உள்ளவள் அவள். கேட்டதோ நிரோஜினியின் பெயரில்.

பிறகு சம்பவம். அவன் கீர்த்தனிக்குச் செய்தது என்ன? அவள் மனதைக் குடைந்து பார்த்தாள். ஒரு திருவிழாவில் பலூன் ஒன்று வாங்கிக் கொடுத்தான். அதுவும் வீட்டுக்கு வருமுன் வெடித்துவிட்டது. வேறு? ஒன்றுமில்லை. வெடித்த பலூனை வைத்துக்கொண்டு எந்தத் தகப்பனைக் கட்டுவது?

பின்னேரம் மூன்று மணி வரைக்கும் ஒரு வரியும் வரவில்லை. யன்னலுக்கு வெளியே துறைமுகத்துத் தண்ணீர் வெயிலில் கண்ணைக் குத்தியது. அதற்கு அப்பால்தான் அவளும் சசிகரனும் முன்னர் குடியிருந்த மூதூர். அந்தத் தண்ணீரைத்தான் அவள் ஒருநாள் கடந்து வந்தாள். ஏன், அந்த ஒன்று இருக்கிறதே என்று நினைத்தாள்.

அது அவளுடையது. மார்கழி மாதம், வாடைக்காற்று, கீர்த்தனிக்கு இரண்டு வயது. மூன்று நாள் காய்ச்சல் நாலாம் நாள் பகலில் வலிப்பாக மாறியது. சசிகரன் எஞ்சின் சாமான் வாங்கப் போகிறேன் என்று போய், கிண்ணியாவில் கூட்டாளி வீட்டில் சீட்டுக்கட்டோடு கடதாசி விளையாடிக்கொண்டு கிடந்தான். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூதூர்த் துறைக்கு ஓடினாள். கடல் கொதிக்கிறது, ஆளேற்றுகிற லோஞ்ச் ஓடாது என்றார்கள். முஹம்மது தம்பி என்ற மீன்காரர் ஒருவர் மட்டும் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் சின்னப் படகைத் தள்ளினார். பிள்ளையின் பல் நாக்கைக் கடிக்காமல் இருக்கத் தன் சுட்டுவிரலைக் கொடுத்தாள். எலும்பு வரைக்கும் இறங்கியது. அலை ஒவ்வொன்றும் படகுக்குள் வந்து விழ, சேலைத் தலைப்பால் பிள்ளையைப் போர்த்திக்கொண்டு முதுகைக் காட்டினாள்; கரை தெரியும்வரை பிள்ளையின் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் பதினொரு நாள். அவளும் பிள்ளையும் வீடு திரும்பிய பிறகுதான் அவன் வந்தான். "என்ன, பிள்ளை மெலிஞ்சுபோனாள்?" என்று கேட்டான்.

இந்தக் கதை கீர்த்தனிக்குத் தெரியாதது அல்ல. குணேஸ்வரி அதை நூறு தடவை சொல்லியிருப்பாள். ஆனால் எப்படிச் சொன்னாள்? 'நீ சாகக் கிடக்கேக்க கொப்பர் வந்தவரோ? கடதாசி விளையாடினவர்!' இப்படித்தான். கடல் அதில் வரவில்லை. அலை வரவில்லை. விரல் வரவில்லை. அவன் வராதது மட்டும்தான் வந்தது. கோபம் வரும்போதெல்லாம் எடுத்து வீசுகிற கல்லாக அந்தக் கதையை வைத்திருந்தாள். அந்தப் பிள்ளைக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. "திரும்பத் தொடங்காதேங்கோ அம்மா" என்று எழுந்து போய்விடும்.

இப்போது அதே கதையை அவள் முதல்தடவையாக முழுதாகச் சொன்னாள். கோபமில்லாமல் சொன்னாள், ஏனென்றால் கோபப்படுவதற்கு உரிய ஆளையே அதில் நல்லவனாக்க வேண்டியிருந்தது. ஓடியவள் ஓடியவர் ஆனாள். சேலைத் தலைப்பைச் சேட்டாக மாற்றினாள். மீதியெல்லாம் நடந்தது நடந்தபடியே வந்தது, தடையில்லாமல் வந்தது.

'வாடை சீறிய மார்கழிப் பகலொன்றில் அருமை மகள் கீர்த்தனி காய்ச்சலால் வலிப்புக் கண்டபோது, லோஞ்ச் ஓடாது எனத் துறையில் கைவிரித்தனர். முஹம்மது தம்பி என்னும் அன்பரின் சிறு படகில் மகளை நெஞ்சோடு அணைத்து ஏறினார். மகளின் பற்களுக்கிடையே தன் விரலைக் கொடுத்தார். குருதி வடிந்ததை அவர் அறியவில்லை. தன் சேட்டைக் கழற்றி மகளைப் போர்த்தி, வரும் அலைகளுக்குத் தன் முதுகைக் கொடுத்தார். கரை தெரியும்வரை அவர் மகளின் பெயரை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தார்.'

பதினாறு வருடத்தில் அவள் எழுதியவற்றில் இதுதான் திறம். அவளுக்கே தெரிந்தது. தெரிந்தபோது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அந்தப் பெருமையை நினைக்க அருவருப்பாகவும் இருந்தது. முனாஸ் வாசித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தான். "இது உங்கட கதையெல்லோ அக்கா? எனக்கொருக்காச் சொல்லியிருக்கிறீங்க. அந்த ஆளுக்கு ஏன் குடுக்கிறீங்க?" என்றான்.

"பிள்ளையின்ட பேர் வரட்டும்" என்றாள் அவள்.

புரூஃப் பார்க்க வந்த குணரத்தினம் கதிரையில் இருந்து வாசித்தார். வாசித்துவிட்டு இரண்டாம் தடவையும் வாசித்தார். பொய் என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா? 'சம்பவம் எழுதும்' என்று சொல்லிவிட்டுப் போனவரே அவர்தான். ஆனால் தாளிலிருந்து தலையைத் தூக்கியபோது கண் கலங்கியிருந்தது.

"அவன் அப்பிடித்தான்" என்றார். "செய்ததை வெளியில சொல்லமாட்டான்."

குணேஸ்வரி வாயைத் திறந்தாள். பிறகு பட்டியலில் 'பாசமிகு மக்கள்: கீர்த்தனி, கஜீபன்' என்று இருந்ததைப் பார்த்து மூடிக்கொண்டாள். பெயர் பிழையில்லாமல் இருந்தது. அன்பு மனைவி என்ற இடத்தில் நிரோஜினி மட்டும். அறியாதவர் எவரும் வாசித்தால், கீர்த்தனியை நிரோஜினிதான் பெற்றாள் என்று நினைப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அன்று வீட்டுக்குப் போனதும் கீர்த்தனியிடம் சொன்னாள். "உன்ர பேர் வருது. மூத்த பிள்ளை எண்டு முதலாவதா." பிள்ளை மூன்று கிழமைக்குப் பிறகு தாயைக் கட்டிப்பிடித்தது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. குணேஸ்வரியும் சொல்லவில்லை. கல்வெட்டை யார் வாசிக்கிறார்கள்? தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அலுமாரிக்குள் வைத்துவிடுவார்கள். இந்தப் பிள்ளையும் அப்படித்தான் செய்யும் என்று நினைத்தாள். வேலை பழகியவள் செய்கிற பிழை அதுதான். ஊர் முழுக்கக் கல்வெட்டை நம்பாது, அது கல்வெட்டுக் கதை என்று தள்ளிவிடும். ஆனால் தன் வீட்டு ஆளைப் பற்றி வந்தால் ஒரு எழுத்து விடாமல் நம்பும். எத்தனை குடும்பத்தில் இதை அவள் பார்த்திருக்கிறாள்! தன் வீட்டை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் காலை நிலாவெளியிலிருந்து கார் அனுப்பிக் கீர்த்தனியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வெள்ளைச் சுடிதார் போட்டுக்கொண்டு போனாள். குணேஸ்வரி வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தாள். உடுப்புத் தோய்த்தாள், தோய்த்ததைத் திரும்பவும் தோய்த்தாள். இரண்டு மணிக்குக் கேற் திறக்கும் சத்தம் கேட்டது.

கீர்த்தனி கையில் சாப்பாட்டுப் பார்சலும் கல்வெட்டும். கண் இரண்டும் வீங்கி இருந்தது. ஆனால் முகத்தில் ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சத்தை குணேஸ்வரி இந்தப் பிள்ளையின் முகத்தில் ஒருநாளும் கண்டதில்லை. பெயர் வந்த சந்தோசம் என்றுதான் முதலில் நினைத்தாள்.

"என்ன, எல்லாரும் மரியாதையாக் கதைச்சவையோ?"

"ஓம். என்னைத்தான் படத்துக்கு முதல்ல பூப்போடச் சொன்னவை. சின்னம்மா கட்டிப்பிடிச்சு அழுதவ."

சின்னம்மாவாம். காலையில் போகும்போது 'அந்த அன்ரி' என்று சொல்லிவிட்டுப் போன பிள்ளை. சரி, முறைதானே என்று குணேஸ்வரி பார்சலை வாங்கிக் குசினிக்குள் கொண்டுபோய் வைத்தாள். திரும்பி வந்தபோது கீர்த்தனி கல்வெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, இதை ஏன் என்னட்ட மறைச்சனீங்கள்?"

"எதை?"

கீர்த்தனி வாசித்தாள். 'வாடை சீறிய மார்கழிப் பகலொன்றில்' என்று தொடங்கிக் கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். வாசிக்கும்போது குரல் உடைந்தது. 'மகளின் பெயரை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தார்' என்ற இடத்தில் நின்றுவிட்டாள்.

குணேஸ்வரி கிட்ட வந்தாள். "அது பொய், பிள்ளை. நான்தானே எழுதினனான். உன்ர பேரைப் போடவேணும் எண்டதுக்காக எழுதினது. அந்தப் படகில வந்தது நான். உனக்கு எத்தினை தரம் சொல்லியிருக்கிறன்?"

"நீங்கள் சொன்னது அவர் வரேல்ல எண்டு. கடதாசி விளையாடினவர் எண்டு. அதைத்தான் எப்பவும் சொன்னனீங்கள். அலையைப் பற்றி ஒருநாளாவது சொன்னனீங்களோ? விரலைப் பற்றிச் சொன்னனீங்களோ? பேர் சொல்லிக்கொண்டு வந்ததைச் சொன்னனீங்களோ?"

"சொல்லேல்ல. சொல்லேல்லத்தான்." அவள் வலதுகைச் சுட்டுவிரலை நீட்டினாள். இரண்டாம் கணுவுக்குக் கீழே வெள்ளையாக ஒரு தழும்பு, அரைவட்டமாய். "இந்தா பார். இது உன்ர பல்."

கீர்த்தனி விரலைப் பார்த்தாள். இரக்கத்தோடுதான் பார்த்தாள், அதுதான் தாங்க முடியவில்லை.

"அப்பாவின்ட விரலிலயும் காயம் இருந்ததாம். சின்னம்மா சொன்னவ. எதால வந்தது எண்டு தனக்கு இண்டைக்குத்தான் விளங்கினது எண்டு சொல்லி அழுதவ."

"ஐயோ, வள்ளக்காரனுக்கு விரலில காயம் இல்லாமல் இருக்குமோ! தூண்டில் குத்தும், கயிறு வெட்டும்..."

"பெரியப்பா பாத்தவராம், அம்மா. எல்லாருக்கும் முன்னால சொன்னவர். அண்டைக்கு மூதூர்த் துறையில தானும் நிண்டதாம். தம்பி சேட்டைக் கழட்டினதைத் தன்ர கண்ணால கண்டதாம்."

குணரத்தினம் அந்த வருடம் முழுக்க வவுனியாவில் கடை வைத்திருந்தவர். குணேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. சேட்! சேலையை அழித்துவிட்டுச் சேட் என்று அடித்த விரல் இதோ நீட்டினபடி இருக்கிறது. அந்தச் சேட்டைக் கண்டவராம் அவர்.

"முஹம்மது தம்பி நானா இருந்தால் சொல்லுவார்" என்றாள். சொல்லும்போதே அவர் மௌத்தாகி நாலு வருடம் என்பது நினைவுக்கு வந்தது.

"அம்மா, நான் உங்களைக் குறை சொல்லேல்ல." கீர்த்தனி மெதுவாகச் சொன்னாள். சண்டைக்கு நிற்கிற பிள்ளையின் குரல் இல்லை அது. பெரிய மனுசி ஒருத்தி சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற குரல். "அவர் உங்களை விட்டுட்டுப் போனவர். உங்களுக்குக் கோபம் இருக்கும்தான். அதனால அவரைப் பற்றிக் கெட்டதை மட்டும் சொல்லி என்னை வளத்தனீங்கள். எனக்கு விளங்குது. ஆனா எழுதேக்க உங்களால பொய் சொல்ல ஏலாமப் போச்சுது, அவ்வளவுதான். பொய்யை ஒருத்தரும் இப்பிடி எழுதமாட்டினம்."

"நான் பதினாறு வருசமாப் பொய்தான் எழுதுறன், பிள்ளை!"

"மற்றதையும் நான் வாசிச்சிருக்கிறன். நீங்கள் எழுதின எல்லாத்தையும். அதெல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும். 'நண்பர்களிடத்து நீங்காத அன்பு.' இது அப்பிடி இல்லை. இதில உண்மை இருக்கு."

இருக்கிறதுதான். அதை அவளால் மறுக்க முடியவில்லை. உண்மை இருக்கிறது, ஆனால் யாருடையது என்று அதில் எழுதியிருக்கவில்லை. கெட்ட எழுத்தாகக் கொடுத்திருக்கலாம். வெடித்த பலூனைப் பற்றியே எழுதியிருக்கலாம். பெருமை பிடித்த கை! முதல்தடவையாக நன்றாக எழுதியதற்கு இதுதான் தண்டனை என்று நினைத்தாள்.

"அண்டைக்கு நான் இல்லாட்டி நீ இல்லையடி" என்று கத்தினாள். பக்கத்து வீட்டில் வானொலிச் சத்தம் குறைந்தது. "என்ர முதுகு, என்ர விரல், என்ர சேலை! எல்லாத்தையும் அவனுக்குக் குடுத்தது உன்ர பேருக்காக!"

கீர்த்தனி பொறுமையாகக் காத்திருந்தாள். கத்தி முடியட்டும் என்று நிற்கிற மாதிரி நின்றாள். பிறகு கல்வெட்டை மேசையில் விரித்து, அந்தப் பந்தியின் மேல் விரலை வைத்து, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற ஒரு பிள்ளையின் முகத்தோடு கேட்டாள்.

"அண்டைக்கு நீங்கள் எங்க இருந்தனீங்கள், அம்மா?"

குணேஸ்வரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பந்தியை மேலிருந்து கீழே வாசித்தாள். மகள் இருந்தாள். முஹம்மது தம்பி இருந்தார். அவன் இருந்தான். எழுத்துப் பிழைகூட ஒன்றும் இல்லை.